ரம்பத்தின் மேல் பிழையில்லை

இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு வால்வு கிடையாது. படித்தவர்களில்கூடப் பலருக்கு இது தெரியாது. சிலிண்டர் சுவரில் நாலைந்து துவாரங்கள் இருக்கும். பிஸ்டன் மேலும் கீழும் போகிற போக்கில் தானே அவற்றைத் திறக்கும், தானே மூடும். வீட்டுக்காரரே வாசல் காவலும் பார்ப்பது மாதிரி. இதைச் சொல்லாமல் என் விஷயத்தை விளக்க முடியாது, இன்ஸ்பெக்டர் ஐயா. அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன். எழுதுவதற்கு எட்டுத் தாள் கொடுத்திருக்கிறீர்கள். என் கையெழுத்து பொடி எழுத்து, போதும் என்றே நினைக்கிறேன்.

என் பெயர் லாசரஸ். வயது நாற்பத்தொன்பது. ஒரு கல்லூரியின் பௌதிக ஆய்வுக்கூடத்தில் இருபத்து மூன்று வருடமாக மெக்கானிக். தராசு, ஊசல், வெர்னியர் எல்லாவற்றையும் பழுது பார்ப்பது என் வேலை. சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருந்து பிரியும் தெருவில் சொந்த வீடு. மனைவி அமலராணி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருக்கிறாள். பிள்ளைகள் இல்லை. குடி, சீட்டு, சினிமா எதுவும் பழக்கமில்லை. பொழுதுபோக்கு என்று ஒன்றே ஒன்றுதான்.

அறுபத்தேழாம் வருடம் மூர் மார்க்கெட்டில் ஒரு பழைய இரும்புக் கடையில் அதைப் பார்த்தேன். முந்தின வருடப் புயலில் சாய்ந்த மரங்களை அறுக்க யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த மோட்டார் ரம்பம். பிஸ்டன் இறுகி, பிடி உடைந்து கிடந்தது. கடைக்காரர் அதைப் படகு எஞ்சின் என்று நினைத்துக்கொண்டிருந்தார். "சுத்துற றெக்கை மட்டும்தான் சார் இல்ல, மத்ததெல்லாம் கரீட்டா கீது" என்றார். நான் மறுத்துப் பேசவில்லை. அதன் சங்கிலி இரண்டு கடை தள்ளி சைக்கிள் செயின்களோடு தொங்கிக்கொண்டிருந்தது. எந்த சைக்கிளுக்கு அவ்வளவு பெரிய பல் வேண்டும் என்று அந்தக் கடைக்காரரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

மின்சார ரயிலில் அதை மடியில் வைத்துக்கொண்டு தாம்பரம் வந்தேன். எதிரே உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் "தையல் மிஷினா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ஆறு மாதத்தில் அதை ஓடவைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, பின்கட்டில் வைத்துக் கயிற்றை இழுத்தேன். ஏழாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. சமையலறையில் அமலராணி ஆப்பச்சட்டியைக் கீழே போட்டுவிட்டாள். அடுத்த வீட்டுக் கோழிகள் மூன்று நாள் முட்டையிடவில்லை என்று பிறகு பிராது வந்தது. எனக்கு அந்தச் சத்தத்தில் ஒரு குறை கேட்டது. தொண்டை கட்டியவர் கீர்த்தனை பாடுவது மாதிரி. பாட வேண்டும் என்ற ஆசை இருக்கிறது, மூச்சுக்கு வழியில்லை.

அன்றைக்கே சிலிண்டரைக் கழற்றினேன். உள்ளே ஒரு காகிதத்தைச் சுருட்டி வைத்து, பென்சிலால் தேய்த்துத் துவாரங்களைப் படியெடுத்தேன். பட்டறையில் அவசரமாக வார்த்த துவாரங்கள் அவை. ஒன்று கோணல், ஒன்று முழுதாகத் திறப்பதற்குள் மூடிக்கொள்ளும். புகை போகும் துவாரத்தின் மேல் விளிம்பைக் கால் மில்லிமீட்டர் உயர்த்தினால் அது சற்று முன்னதாகத் திறக்கும், எஞ்சின் வேகம் கூடும். அதிகம் உயர்த்தினால் இழுவை செத்துவிடும். அந்தக் கால் மில்லிமீட்டரில்தான் இந்தப் பொழுதுபோக்கு முழுவதும் இருக்கிறது. மேற்குத் தாம்பரத்தில் தொழிலை விட்ட ஒரு பல் டாக்டரிடம் காலால் மிதிக்கும் குடைகருவி ஒன்று வாங்கினேன். மனிதர்கள் வாயில் அலறலைக் கிளப்பிய கருவி, அலுமினியத்தில் வெண்ணெயாக இறங்கியது.

எந்த மாற்றம் செய்தாலும் அளந்து பார்க்க வேண்டும். எட்டு அங்குலக் கட்டை ஒன்றைக் கிடத்தி, அதிலிருந்து அப்பளம் மாதிரி ஒரு வட்டை அறுப்பேன். ஆய்வுக்கூடத்திலிருந்து ஸ்டாப் வாட்ச் எடுத்துவருவேன். திங்கட்கிழமை காலையில் அது அலமாரியில் இருக்கும், அதில் நான் கண்டிப்பானவன். அறுபத்தெட்டில் ஓர் அப்பளத்துக்கு முப்பத்தொரு செகண்டு. எழுபதில் பதினான்கு. எழுபத்திரண்டு பொங்கலுக்கு ஒன்பது. இவையெல்லாம் ஒரு நோட்டில் இருக்கின்றன. அந்த நோட்டை உங்கள் ஏட்டு எடுத்துவந்திருக்கிறார். பத்திரம்.

சிக்கல் எஞ்சினில் வரவில்லை, மரத்தில் வந்தது. மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவனுக்கு வேகம் பார்க்க ஜி.எஸ்.டி. ரோடு இருக்கிறது. என் எஞ்சினுக்கு எங்கே ரோடு? விறகுக் கடைச் சவுக்கு இரண்டு செகண்டுக்குத் தாங்காது. முருங்கையை அறுப்பது தயிரை அறுப்பது மாதிரி. மரம் விற்கும் தொட்டிக்காரர் ஒரு நாள் அறுக்க விட்டுப் பார்த்துவிட்டு, "வேணாம் சார், வண்டி மாடெல்லாம் மெரண்டுகினு ஓடுது" என்று அனுப்பிவிட்டார். இரண்டு பேர் சேர்ந்து கட்டிப்பிடிக்கிற பருமனில், வேரோடு நிற்கிற மரத்தில்தான் அந்த எஞ்சினின் முழு மூச்சும் தெரியும்.

எழுபதாம் வருடம் தபாலாபீஸ் வாசலில் இருந்த வேம்பு இடி விழுந்து பட்டுப்போனது. கோடாலிக்காரர்கள் நான்கு நாள் வேலை என்றார்கள். நான் போய் நான்கு நிமிஷத்தில் சாய்த்துக் கொடுத்தேன். கூட்டம் கூடிவிட்டது. போஸ்ட்மாஸ்டர் கோலி சோடா வாங்கிக் கொடுத்தார். இந்த வாக்குமூலத்தில் வரும் மரங்களில் தானாகச் செத்தது அது ஒன்றுதான்.

மரங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவை சாவதற்கு அவசரப்படுவதில்லை. ஒன்றரை வருடம் காத்திருந்தேன். பட்டமரம் இருந்தால் சொல்லுங்கள், இலவசமாக வெட்டித் தருகிறேன் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிவைத்தேன். ஒருவரும் வரவில்லை. அப்பளம் அறுக்கிற நேரம் போக, அந்த ஒன்றரை வருடமும் எஞ்சின் சாக்குத் துணிக்குள் சும்மா இருந்தது. நல்ல எஞ்சினைச் சும்மா வைப்பது பாவம். பிஸ்டன் ரிங்கு ஒட்டிக்கொள்ளும்.

பெருங்காயம் வைத்தால் மரம் பட்டுப்போகும் என்று ஊரில் சொல்வார்கள். அதை நான் முறையாகச் சோதித்தேன். தெருமுனையில் இரண்டு பூவரசு இருந்தன. ஒன்றில் துளையிட்டுப் பெருங்காயம் மட்டும் வைத்தேன். அது முன்னைவிடச் செழிப்பாகத் தழைத்தது. மற்றதில் மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட், சேர்த்து வைத்தேன், ஐந்தாம் மாதம் இலை கொட்டியது. அறிவுப்படி பார்த்தால் அதற்குப் பிறகு பெருங்காயத்தை விட்டுவிட்டிருக்க வேண்டும். ஆனால் பெரியவர்கள் சொன்னதை அடியோடு தள்ள மனம் வரவில்லை. இரண்டையும் சேர்த்தே வைத்தேன். துளையை அடைக்கக் கோயிலில் பீடத்து மெழுகுவர்த்தித் துண்டுகள் கிடைத்தன. ஃபாதர் அவற்றை ஜெபத்துக்கு என்று நினைத்துக் கொடுத்தார்.

இதையெல்லாம் இருட்டில் ஒளிந்து செய்தேன் என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது. பட்டப்பகலில் செய்தேன். காக்கிப் பை, அளவு டேப், காதில் பென்சில். யாராவது கேட்டால் மரத்தின் வயதைப் பார்க்கிறேன் என்பேன். "எவ்ளோ வயசு சார்?" என்பார்கள். ஓர் எண்ணைச் சொல்வேன். திருப்தியாகப் போய்விடுவார்கள்.

மளிகைக் கடை தனக்கோடிக்கு மட்டும் கொஞ்சம் சந்தேகம் வந்தது. "இன்னா சார், போன வாரம்தானே கட்டிப் பெருங்காயம் வாங்கினு போனீங்க? வூட்ல ரசம் சட்டியில வெக்கிறாங்களா, அண்டாவுல வெக்கிறாங்களா?" என்றார்.

"வீட்டில் அவளுக்கு வயிற்றுக் கோளாறு" என்றேன்.

அடுத்த முறை பெருங்காயத்தோடு ஒரு பொட்டலம் ஓமமும் சேர்த்துக் கொடுத்தார். அதற்கடுத்த வாரம் அமலராணி கடைக்குப் போனபோது, "இப்போ வயிறு எப்படி கீது அக்கா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டிருக்கிறார். அவள் வீட்டுக்கு வந்து, கடைக்காரருக்குத் தன் வயிற்றில் என்ன அக்கறை என்று கேட்டாள். அக்கம்பக்கம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்றேன்.

முடிச்சூரில் பொன்னுரங்கத்தின் நிலத்து வரப்பில் இரண்டு புளியமரங்கள் நின்றன. புளி வைரம் பாய்ந்த மரம். அதை அறுக்காதவன் எஞ்சினைப் பற்றிப் பேசக் கூடாது. எழுபத்திரண்டு முடிவில் அதில் ஒன்று மொட்டையானது. பொன்னுரங்கம் என்னைத் தேடி சைக்கிளில் வந்தார். அறுபது வயது மனிதர், துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். "எங்க தாத்தா வெச்ச மரம் சார். நாலு தலமொறையா இந்தப் புளியத்தான் துன்னுகினு கீறோம். இன்னா நோவு வந்துச்சோ தெரியல." நான் அவர் தோளில் கை வைத்தேன். எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது.

அந்த மரத்தில்தான் முதன்முதலாக முளை அடித்தேன். மரம் சாய்ப்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. விழ வேண்டிய பக்கத்தில் முதலில் வாய் மாதிரி ஒரு வெட்டு. பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து அறுத்துக்கொண்டே வந்து, நடுவில் இரண்டு விரல் கனம் விட்டுவிட வேண்டும். கதவுக்குக் கீல் மாதிரி அதுதான் மரத்தைக் கொண்டுபோய்ப் படுக்கவைக்கும். ஐம்பது அடி தள்ளி நிலத்தில் ஒரு மரமுளையை அடித்துவிட்டு, அதன் தலையில் மரத்தை விழவைத்தேன். முளை தரைக்குள் போய்விட்டது.

பொன்னுரங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தார். "இன்னா சார் இது, சொல்லி வெச்ச மாரி வுயுந்துச்சே" என்றார். துக்கத்திலும் அவருக்கு அது பிடித்திருந்தது. அந்த மரத்தின் கடைசிக் காய்ப்பிலிருந்து ஒரு கூடை புளி கொடுத்தனுப்பினார். அமலராணி அதில் சங்கரா மீன் குழம்பு வைத்தாள். அருமையான புளி. இரண்டாவது மரத்தை அடுத்த வருடம் சாய்த்தேன்.

அதற்குப் பிறகு என்னைத் தேடி வராதவர் இல்லை. வாகை, உதியம், வேம்பு, மா, கொன்றை. ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு முளை, ஒன்றும் தப்பியதில்லை. விடுமுறை நாளில் நான் வருகிறேன் என்றால் சுண்டல் விற்பவர்கூட வந்து நிற்பார். குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் ஏகநாதன், விவசாய இலாகாவில் தெரிந்த ஒருவரை அழைத்துவந்து காட்டினார். அவர் ஒரு கட்டையைத் தட்டிப் பார்த்து வேரழுகல் நோய் என்றார். இந்த நோய் ஏன் ரோட்டோரமாகவே பரவுகிறது, ரம்பம் பிடித்து நிற்க இடமுள்ள மரமாகப் பார்த்து ஏன் தொற்றுகிறது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று இப்போது தோன்றுகிறது.

சங்கத்தின் ஆண்டு விழாவில் எனக்குச் சால்வை போர்த்தினார்கள். மரப் பாதுகாப்புக் குழு என்று ஒன்று தொடங்கி என்னையே தலைவராகப் போட்டார்கள். ஐந்து நிமிஷம் பேசினேன். கைதட்டல் நன்றாக இருந்தது. அந்த மழைக்காலத்தில் இருநூறு கன்றுகள் நட்டோம். எல்லாம் நானே தேர்ந்தெடுத்தவை, முப்பது வருடத்தில் நல்ல பருமன் வரக்கூடியவை. யாரும் என்னை முன்யோசனை இல்லாதவன் என்று சொல்ல முடியாது.

காந்திமதி டீச்சர் எழுபத்து மூன்று ஜூனில் எங்கள் தெருக் கடைசி வீட்டுக்குக் குடிவந்தார். பெண்கள் பள்ளியில் சயன்ஸ் டீச்சர். நாற்பது வயதிருக்கும், தனியாள். ஓட்டு வீடு, வாசலில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். அந்த மரத்துக்கு ஏப்ரல் மாதமே நான் வேண்டியதைச் செய்துவிட்டேன். அப்போது வீடு காலி. யாருக்கும் தொந்தரவிருக்காது என்று நினைத்தேன்.

ஒரு சனிக்கிழமை நான் பின்கட்டில் எஞ்சினை ஓடவிட்டிருந்தேன். வழக்கம்போல் தெருவில் ஜன்னல்கள் மூடிக்கொண்டன. டீச்சர் மட்டும் குடையைப் பிடித்துக்கொண்டு நேரே உள்ளே வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்து எஞ்சினை அணைத்தேன்.

"ஏன் சார் நிறுத்திட்டீங்க? போன வாரத்தைவிட சத்தம் கொஞ்சம் மேல் ஸ்தாயில இருக்கே, என்ன பண்ணீங்க?" என்றார்.

சிலிண்டருக்கு அடியில் இருந்த கேஸ்கட் என்ற அடைப்புத் தகட்டை எடுத்துவிட்டு மெல்லியதாகப் போட்டிருந்தேன். ஆறு வருடத்தில் அதைக் காதால் கண்டுபிடித்த ஒரே ஆள் அவர். அமலராணி காபி கொண்டுவந்தாள். நான் காகிதத்தில் எடுத்த படிகளைக் காட்டினேன். டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"புகை போற வழியைப் பெருசாக்கிட்டே போனா, உள்ளே வர்ற புது காத்தும் அதோடயே வெளியே ஓடிடாதா சார்?"

இந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு நான்கு வருடம் ஆயிற்று. அவர் ஒரு டம்ளர் காபி முடிவதற்குள் கேட்டுவிட்டார். அன்றைக்கு இரண்டு மணி நேரம் பேசினோம். அதன் பிறகு மாதத்தில் இரண்டு மூன்று சாயங்காலமாவது வருவார். எதையும் புரிந்ததாக நடிக்க மாட்டார். புரியாவிட்டால் "இன்னொரு தரம்" என்பார். அந்த ஏழெட்டு மாதங்களில் என் நேரம் ஒன்பதிலிருந்து எட்டரைக்கு வந்தது. அதில் அவருக்கும் பங்கு உண்டு என்பதை மறைக்க மாட்டேன்.

இந்த வருடம் பிப்ரவரியில் ஒரு நாள் வந்தார். உட்காரவில்லை.

"சார், ஒண்ணு கேக்கறேன். மரத்துல சாம்பார் வாசனை வருமா?"

"வராது" என்றேன்.

"என் வாசல் மரத்துல வருது." கைக்குட்டையைப் பிரித்தார். உள்ளே ஒரு மெழுகு அடைப்பு, என் கட்டைவிரல் ரேகையோடு. "பூவரசு அடிக்கட்டைலயும் இதே மாதிரி இருக்கு. லீவு நாள்ல நடந்தே போய்ப் பார்த்தேன். முடிச்சூர் வரைக்கும். பதினேழு கட்டை பார்த்துட்டு, போதும்னு வந்துட்டேன்."

"நாற்பத்தொன்று" என்றேன். எண்ணிக்கை தவறாக இருப்பது எனக்குப் பிடிக்காது.

அவர் அப்போதுதான் உட்கார்ந்தார். "ஏன் சார்?"

நோட்டை எடுத்துக் கொடுத்தேன். அதைவிட ஒழுங்கான பதில் என்னிடம் இல்லை. முப்பத்தொன்றிலிருந்து எட்டரை வரைக்கும் பக்கம் பக்கமாகப் பார்த்தார். பொறுமையாகத்தான் பார்த்தார். பிறகு நோட்டை மூடி மேஜைமேல் வைத்துவிட்டு, "இதுக்காகவா?" என்றார்.

அந்தக் கேள்வி எனக்கு விளங்கவில்லை. வேறு எதற்காக?

"என் மரத்தைக் காப்பாத்த முடியுமா?"

"முடியாது. தாமதமாகிவிட்டது."

மெழுகு அடைப்பைக் கைக்குட்டையில் திரும்ப மடித்தார். "நான் யார்கிட்டயும் போய்ச் சொல்லப் போறதில்ல சார். நீங்களே சொல்லணும். சங்கத்துல, பொன்னுரங்கம்கிட்ட, எல்லார்கிட்டயும். என் மரத்தை வெட்டுங்க, அதான் கடைசி. வெட்டி முடிச்ச கையோட மிஷினை என்கிட்ட கொடுத்துடுங்க. எங்க ஸ்கூல் லேப்ல பிரிச்சு வெச்சு, எப்படி வேலை செய்யுதுன்னு பிள்ளைங்களுக்குக் காட்டறேன். வீணாப் போகாது."

நியாயமான பேச்சு. குரலை உயர்த்தவில்லை, மிரட்டவில்லை. போகும்போது அமலராணியிடம் காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். சங்கத்தில் சொல்வதைப் பற்றி எனக்கு ஒன்றும் இல்லை. நாலு நாள் பேசுவார்கள், விட்டுவிடுவார்கள். ஆனால் பிரித்து வைப்பது என்றாரே, அதைத்தான் திரும்பத் திரும்ப யோசித்தேன். ஏழு வருடம் இழைத்துப் பொருத்திய சிலிண்டர். பாவாடை தாவணிப் பெண்கள் ஒவ்வொருத்தியும் அதற்குள் விரலை விட்டுப் பார்ப்பார்கள்.

மார்ச் ஒன்பதாம் தேதி, சனிக்கிழமை, காலை பத்து மணி. கூட்டம் எப்போதும்போல். வீட்டுக்குப் பக்கவாட்டில், ரோட்டின் ஓரமாகவே மரம் விழ வேண்டும் என்று ஏகநாதனும் நானும் பார்த்து, எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் முளை அடித்தோம். டீச்சர் வாசலுக்கு வந்தார்.

"பரீட்சைப் பேப்பர் கெடக்கு சார். நான் உள்ளேயே உக்காந்து திருத்தலாமா, இல்ல வெளியே வந்துடணுமா?"

"முன்னறையில் ஜன்னல்கிட்டேயே உட்காருங்கள். வெளிச்சமும் இருக்கும். பின்கட்டுக்குத்தான் போக வேண்டாம், கிளை தெறிக்கும்" என்றேன்.

யோசித்துப் பார்த்தால், என் வாழ்நாளில் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

அவர் சரி என்று உள்ளே போனார். முளையின் மேல் அவருக்கு நம்பிக்கை இருந்தது. நாலைந்து முறை வந்து நின்று பார்த்தவர்தானே. ஜன்னலில் அவர் தலை குனிந்திருப்பது எனக்குத் தெரிந்தது. சிவப்பு மையில் எழுதிக்கொண்டிருந்தார்.

எஞ்சின் இரண்டாவது இழுப்பில் பிடித்தது. முளையைப் பார்த்து வாய் வெட்டினேன், அதில் கள்ளம் எதுவும் இல்லை. அந்த மரத்தின் பாரம் முழுவதும் வீட்டுப் பக்கம் இருந்தது. எதிர்வெட்டில் வந்தபோது கீலை நேராக விடவில்லை. ரோட்டோரப் பக்கத்தில் முழுக்க அறுத்துவிட்டு, வீட்டுப் பக்கத்தில் மட்டும் நான்கு விரல் விட்டேன். அப்படி விட்டால் மரம் நேரே போகாது, அந்த நான்கு விரலைப் பிடித்துக்கொண்டு திரும்பும். ரோட்டில் இருந்தது கூட்டத்துக்காக அடித்த முளை. எனக்கு முளை அந்த ஜன்னலின் நடுக்கம்பி.

கடைசி நேரத்தில் எஞ்சின் சத்தம் மாறியது என்று ஏகநாதன் சாட்சி சொல்லியிருக்கிறார். மாறியது உண்மை. பாரம் விலகினால் எந்த நல்ல எஞ்சினும் குரலை உயர்த்தும். அவர் பாங்கில் வேலை பார்ப்பவர், அவருக்கு அது கோளாறாகக் கேட்டதில் ஆச்சரியமில்லை.

ஜன்னலை நீங்களே அளந்தீர்கள். அடிமரம் நடுக்கம்பியிலிருந்து மூன்று அங்குலம் தள்ளி விழுந்திருக்கிறது. அன்றைக்குக் கிழக்கிலிருந்து லேசாகக் காற்று இருந்தது. டாக்டர் உடனே உயிர் போயிருக்கும் என்றார். நானும் அப்படித்தான் கணக்கிட்டிருந்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நான் எதிர்பார்க்காதது. ஒருவர்கூட என்னைத் திட்டவில்லை. ஏகநாதன் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். பொன்னுரங்கம் முடிச்சூரிலிருந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் கை தப்பு பண்ணாது சார், அந்தப் பாழாப்போன மிஷின்தான் மக்கர் பண்ணிடுச்சு" என்றார். தனக்கோடி கடையிலிருந்து ஹார்லிக்ஸ் வந்தது. ஃபாதர் வீட்டுக்கே வந்து ஜெபம் செய்தார். "மகனே, இயந்திரம் நம்மைக் கைவிடும், ஆண்டவர் கைவிட மாட்டார்" என்றார். நான் வாயைத் திறந்தேன். அமலராணி என் கையை அழுத்தினாள்.

சாப்பாடு இறங்கவில்லை. பத்து நாளில் ஆறு ராத்தல் இளைத்தேன். டீச்சரை நினைத்துத்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள். அடக்கத்துக்கு வந்த அவர் அண்ணனும் அப்படித்தான் நினைத்து, எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனிதர்.

நேற்றுத்தான் உங்கள் அறிக்கையின் நகலை ஏகநாதன் கொண்டுவந்து காட்டினார். எனக்கு நிம்மதியாக இருக்கும் என்று நினைத்துக் கொண்டுவந்தார். "இயந்திரக் கோளாறு காரணமாக மரம் திசை மாறியது, இயக்கியவர் மீது குற்றமில்லை" என்று தட்டச்சில் அடித்து, முத்திரை வைத்திருந்தது. இனி அது நிரந்தரமாக ஒரு கோப்பில் இருக்கும். ஐம்பது வருடம் கழித்து யாராவது எடுத்துப் பார்த்தால், சேலையூரில் ஒருவன் ஏழு வருடம் இழைத்த எஞ்சின் ஒரு தூங்குமூஞ்சியில் திணறிப்போனது என்று படிப்பார்கள்.

அதனால்தான் காலையில் குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தேன். நாற்பத்தொரு மரத்தையும் நான்தான் கொன்றேன். நாற்பத்திரண்டாவது மரத்தை வைத்துக் காந்திமதி டீச்சரை நான்தான் கொன்றேன். வேண்டுமென்றே, அளந்து, ஒரே வெட்டில். எஞ்சின் ஒரு கணமும் தடுமாறவில்லை. அறிக்கையில் இயந்திரக் கோளாறு என்ற அந்த முதல் வரியைத் திருத்திவிடுங்கள். இரண்டாம் வரியை எப்படி மாற்ற வேண்டுமோ மாற்றிக்கொள்ளுங்கள்.

டீச்சரின் மேல் எனக்கு எந்தக் கோபமும் இருந்ததில்லை என்பதையும் எழுதிவைக்கிறேன். எஞ்சினைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடத் தவறாகச் சொன்னதில்லை.

ரம்பத்தை ஸ்டேஷன் தாழ்வாரத்தில் சாக்கு போட்டு வைத்திருக்கிறீர்கள். சாரல் அடிக்கிற இடம், உள்ளே எடுத்துவைத்தால் நல்லது. இந்தத் தாளில் இன்னும் கொஞ்சம் இடம் இருப்பதால் ஒன்று சொல்கிறேன். இங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஒரு யோசனை வந்தது. புகைப்பெட்டியின் நீளத்தைக் கூட்டி, வாயைக் கொஞ்சம் குறுக்கினால், வெளியே போகிற புகையே ஓர் அலையாகத் திரும்பி வந்து துவாரத்தை அழுத்தி மூடும். எட்டு செகண்டுக்கும் கீழே போய்விடலாம். இதை உடனே யாரிடமாவது உட்கார்ந்து பேசிப் பார்க்க வேண்டும். யாரிடம் என்றுதான் காலையிலிருந்து யோசிக்கிறேன், ஒரு பெயரும் வரவில்லை. உங்கள் ஸ்டேஷனில் சயன்ஸ் படித்தவர்கள் யாராவது இருக்கிறார்களா, ஐயா?